குழாயும் தவளையும்

என் மேசை இழுப்பறையில் பேனாவைவிடப் பென்சில்கள்தான் அதிகம். திசுக் குழாய்க்குள் பென்சிலால் எழுதிய துண்டுத்தாள் போடாமல் நான் மூடியைத் திருகுவதில்லை. இந்தப் பழக்கம் ஒரு அவமானத்தில் வந்தது.

ஆய்வகத்தில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. வால்பாறைப் பக்கத்துச் சோலைகளில் பிடித்த புதர்த்தவளைகளின் தசைத் துணுக்குகள் ஆல்கஹாலில் ஊறியபடி எனக்கு வரும். அவற்றிலிருந்து டிஎன்ஏ பிரித்து, மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள 16எஸ் என்ற மரபணுவைப் படித்து, ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். ஒரு குழாய் மட்டும் எதனோடும் ஒட்டவில்லை. 6 விழுக்காட்டுக்கு மேல் வித்தியாசம். தவளைகளில் 3 விழுக்காட்டைத் தாண்டினாலே வேறு சிற்றினமோ என்று சந்தேகப்படுவது வழக்கம். அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அறிவியல் பெயர்கூட யோசித்துவிட்டேன். (அந்தப் பெயரை இங்கே சொல்வதாக இல்லை.)

மறுநாள் எங்கள் மூத்த ஆய்வாளரிடம் கொண்டுபோனேன். யார் யாருக்கு உறவு என்று நான் வரைந்த மர வரைபடத்தை அவர் பார்க்கவே இல்லை.

"இது கத்துனதை யாராச்சும் கேட்டீங்களாப்பா? எந்த மாசம் பிடிச்சது? புல்லுலயா, மரத்துலயா?"

"தெரியலக்கா. குழாய்தான் வந்துச்சு."

"அப்ப உன்கிட்ட இருக்கறது குழாய்தான். தவளை இல்ல."

களக் குறிப்பேட்டைத் தேடி எடுத்தபோது விஷயம் தெரிந்தது. மூடி கசிந்து, ஆல்கஹால் பட்டு மார்க்கர் மை பாதி அழிந்திருந்தது. மிச்சமிருந்த எண்ணை ஊகித்து யாரோ மேலே எழுதியிருக்கிறார்கள். கையெழுத்து என்னுடையது மாதிரிதான் இருந்தது. நீலகிரித் தவளை ஒன்று அப்படி ஆனைமலைத் தவளையாகிவிட்டது. இரு மலைகளுக்கும் நடுவிலுள்ள பாலக்காட்டுக் கணவாயை ஒரு சொட்டு ஆல்கஹால் தாண்ட வைத்துவிட்டது.

அடுத்த மழைக்கு நானும் காட்டுக்குப் போனேன். இருட்டில் புதர்த்தவளையின் ஆணைப் பெண் கண்டுபிடிப்பது குரலை வைத்துத்தான். ஆக, குரல் மாறினால் உறவே முறியலாம். இதெல்லாம் 16எஸ்-இல் தெரியாது. அது தாய்வழி மட்டுமே வருவது. கலப்பு நடந்திருந்தால் தந்தையின் பங்கு அதில் இருக்காது. ஆனால் குரலும் ஏமாற்றும். குளிர்ந்த இரவில் குரலின் துடிப்புகள் மெதுவாகும். வெப்பமானியில்லாமல் பதிவு செய்துவிட்டு, ஒரே தவளையின் குரலை இரண்டு தவளைகளுடையது என்று நானே வாதிட்டிருக்கிறேன்.

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் பாதாளத் தவளை. ஊதா நிறம், பன்றி மூக்கு, ஆண்டின் பெரும்பகுதி மண்ணுக்கடியில் கறையான் தின்று வாழ்வது. 2003-இல் கேரளத்தின் இடுக்கியிலிருந்து நாசிகாபட்ராகஸ் சஹ்யாத்ரென்சிஸ் என்று பெயரிட்டார்கள். 2017-இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம், இரண்டாவது சிற்றினம் அறிவிக்கப்பட்டது. உடலமைப்பு, குரல், மரபணு மூன்றிலுமே வித்தியாசம் காட்டினார்கள். என்னை அசத்தியது மழைக் கணக்குதான். மேற்கே இருப்பது தென்மேற்குப் பருவமழையை ஒட்டி இணை தேடி வெளியே வரும். கிழக்கே இருப்பது வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருக்கும். ஆண்டில் சில நாட்களே வெளியே வரும் பிராணிகள். ஒன்று வைகாசியிலும் மற்றது ஐப்பசியிலும் வந்தால் எங்கே சந்திப்பது? கிழக்கே இருப்பதற்கு பூபதி என்று பெயர் வைத்தார்கள். கோவை சலீம் அலி பறவையியல் மையத்தில் ஊர்வன ஆய்வாளராக இருந்து, 2014-இல் களப்பணியின்போது இறந்தவர் அவர்.

இப்போது என் உறைபெட்டியில் இரண்டு குழாய்கள் ஓராண்டாகக் கிடக்கின்றன. மலையின் இரு பக்கத்துப் புதர்த்தவளைகள். வித்தியாசம் 3 விழுக்காட்டுக்குச் சற்றே கீழே. ஒரு பக்கத்துக் குரல் சுத்தமாகப் பதிவாகியிருக்கிறது. மறுபக்கத்தில் போன ஆண்டு நான் பதிந்துவந்த நாற்பது நிமிடத்தில் மழைச் சத்தம் மட்டும்தான். நேற்றும் அங்கிருக்கும் களத் தம்பிக்குப் போன் போட்டேன்.

"இன்னும் மழை இறங்கலண்ணே. இறங்குனா நானே கூப்பிடுறேன்."