மூன்றாவது முறை நின்ற திராமிசு

திராமிசு என்ற இத்தாலிய இனிப்பை முதல் முறை செய்தபோது, தட்டில் போட்ட கையோடு சரிந்துவிட்டது. பாத்திரத்தின் அடியில் காபித் தண்ணீர் தேங்கி நின்றது. இரண்டாம் முறை க்ரீம் திரிந்து போனது. மூன்றாம் முறைதான் கைகூடியது. அப்போது வேலை நிமித்தம் இத்தாலியில், பாதுவாவில் இருந்தேன். கீழ் வீட்டு சிஞ்ஞோரா (நம் ஊர் 'அம்மா' போல மரியாதைச் சொல்), எழுபதைத் தாண்டியவர், கூடவே நின்று சொல்லிக் கொடுத்தார்.

நான்கு முட்டைகளின் மஞ்சள் கரு, 100 கிராம் சர்க்கரை, 500 கிராம் மஸ்கர்போனே என்ற க்ரீம் சீஸ், ஒரு பெரிய பாக்கெட் சவோயார்தி எனும் விரல் வடிவ பிஸ்கட், மோக்கா பாத்திரத்தில் இறக்கிய திக்கான காபி 300 மில்லி, தூவுவதற்கு இனிப்பில்லாத கோகோ. வெள்ளைக் கரு வேண்டாம், மதுவும் வேண்டாம் என்றார். திரெவிசோ முறை அதுதான். 1970களின் தொடக்கத்தில் அந்த ஊர் லே பெக்கெரியே உணவகத்தில் பிறந்த பண்டம் என்பார்கள். பக்கத்து ஃப்ரியூலி பகுதிக்காரர்கள் ஒப்புக்கொள்வதில்லை.

மஞ்சள் கருவைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்து, நோயில் கிடந்து எழுந்தவர்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் கொடுப்பது வெனெத்தோ பகுதியின் பழைய வழக்கம். ஸ்பாத்துதின் என்று பெயர். 'என்னைத் தூக்கி நிறுத்து' என்று பொருள்படும் திராமிசு என்ற பெயரின் அர்த்தம் எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சிஞ்ஞோரா கருவைப் பச்சையாகவே சேர்ப்பார். எனக்கு மனம் ஒப்பவில்லை. கொதிநீரின் ஆவிமேல் கிண்ணத்தை வைத்து 71 டிகிரி வரும்வரை விடாமல் அடித்தேன். கை ஓய்ந்தால் முட்டை கட்டி தட்டிவிடும். அது நன்றாக ஆறிய பிறகுதான் மஸ்கர்போனே. சூட்டில் சேர்த்தால் இளகி ஓடும். இங்கே மின் பீட்டரை எடுக்கவே விடவில்லை அவர். முந்தைய தடவை நான் செய்த தப்பு அதுதான். தயிரைக் கடைந்தால் வெண்ணெய் திரளுமே, அதே கதை. மஸ்கர்போனேயில் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் கொழுப்பு இருக்கிறது. அளவு மீறி அடித்தால் கொழுப்பு வேறு, நீர் வேறு. மரக்கரண்டியால் மடித்து மடித்துக் கலந்தேன்.

அடுத்தது பிஸ்கட். காபி முழுக்க ஆறியிருக்க வேண்டும். நான் ஒன்றை முக்கி, ஊறட்டும் என்று பிடித்துக்கொண்டிருந்தேன். என் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டார். "ஊனோ, தூவே, பாஸ்தா!" ஒன்று, இரண்டு, போதும். எடுத்த பிஸ்கட்டை உடைத்துக் காட்டினார். வெளியே பழுப்பு, நடுவில் உலர்ந்த வெளிர் மஞ்சள். அந்த உலர்ந்த நடுவைக் க்ரீமின் ஈரம் இரவெல்லாம் ஊறவைக்கும். நாம் ஊறவைத்தால் அடுக்கு உட்கார்ந்துவிடும்.

பிஸ்கட், க்ரீம், மறுபடி பிஸ்கட், க்ரீம். மூடி ஃப்ரிட்ஜில் ஓர் இரவு.

மறுநாள் மதியம் பரிமாறும் நேரத்தில்தான் கோகோ தூவினேன். முன்னாடியே தூவினால் ஈரத்தில் கறுத்துவிடும். கத்தியை வெந்நீரில் நனைத்து வெட்டினேன். துண்டு நான்கு அடுக்கும் தெரிய நிமிர்ந்து நின்றது. முதல் துண்டை மூடி, படியிறங்கி சிஞ்ஞோரா வீட்டுக் கதவைத் தட்டினேன்.