அஞ்சிஸ்காத்தியில் மூன்று குரல்கள்: ஜார்ஜியத் திருப்பாடலைத் தேடி ஒரு பயணம்

ஜார்ஜியா நாட்டின் தலைநகர் திபிலிசியின் பழைய நகரில், ஷாவ்தேலி தெருவை ஒட்டி நிற்கும் அஞ்சிஸ்காத்தி ஆலயம் 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அந்நகரில் இன்று எஞ்சியுள்ள தேவாலயங்களில் அதுவே மிகப் பழமையானது. பெரிய கோபுரமோ பொன் பூசிய குவிமாடமோ அதற்கு இல்லை. கல்லும் செங்கல்லும் கலந்து கட்டிய, நீண்டு தாழ்ந்த ஒரு மண்டபம். உள்ளே தடித்த தூண்கள், மெழுகுவர்த்திப் புகை படிந்த சுவர்கள். சோவியத் ஆட்சியில் வழிபாடு நிறுத்தப்பட்டு அருங்காட்சியகமாக இருந்த இந்த இடம், 1991இல் மறுபடியும் ஆலயமானது. நான் இங்கே வந்தது கட்டடத்தைப் பார்ப்பதற்காக மட்டும் அன்று. மல்காஸ் எர்க்வானிட்ஸே என்ற பாடகர் குழுத் தலைவர் மீட்டெடுத்த இசையை, அது எந்த வழிபாட்டுக்காக மீட்டெடுக்கப்பட்டதோ அந்த வழிபாட்டுக்குள் நின்றே கேட்க வேண்டும் என்ற ஆவல் எனக்கு நெடுநாளாக இருந்தது.

சனிக்கிழமை மாலை வழிபாட்டுக்குச் சென்றேன். ஆர்த்தடாக்ஸ் வழக்கப்படி அனைவரும் நின்றே வழிபடுகிறார்கள். முதியவர்களுக்காகச் சுவரோரம் சில இருக்கைகள் மட்டும் உண்டு. பெண்கள் தலையில் முக்காடிட்டிருந்தார்கள். வருகிறவர்கள் மெல்லிய மெழுகுவர்த்திகளை வாங்கி, திருவுருவங்களின் முன் ஏற்றி, சிலுவை அடையாளம் வரைந்து, படத்தின் கண்ணாடியில் நெற்றியைப் பதித்துவிட்டு நகர்ந்தார்கள். இசைக்கருவி எதுவும் கிடையாது. பாடகர்கள் ஒரு பக்கமாக, மக்களுக்கு முகம் காட்டாமல் நெருங்கி நின்றிருந்தார்கள். குழுவை நடத்துபவர் எங்கே என்று தேடினேன். மேடைக் கச்சேரிகளில் காண்பதுபோல் எதிரே நின்று கையை வீசுகிறவர் ஒருவரும் இல்லை. அவரும் ஒரு குரலைப் பாடிக்கொண்டு, தலையசைவாலும் மூச்சாலும் மற்றவர்களை அழைத்துச் சென்றார். இறைவனிடம் இரக்கம் வேண்டும் சிறிய மறுமொழிகூட இங்கே மூன்று குரல்களாகப் பிரிந்து, உரசி, முடிவில் ஒரே சுருதியில் வந்து சேர்கிறது.

அந்த உரசலைக் குறித்துச் சிறிது விளக்க வேண்டும். ஜார்ஜியத் திருப்பாடலில் முதன்மையான மெட்டு மேற்குரலில் அமைகிறது. தலைமுறைகளாக மாறாமல் காக்கப்பட்டது அதுதான். நடுக்குரலும், ‘பனி’ எனப்படும் கீழ்க்குரலும் அதைச் சூழ்ந்து நடக்கின்றன. அவற்றில் பாடகரின் பயிற்சிக்கும் மரபுக்கும் ஏற்ப அலங்காரம் கூடும், குறையும். கெலாத்தி, ஷெமோக்மேதி, கார்ட்லி–காகேத்தி என்று வெவ்வேறு மரபுகள் இருந்தாலும், அவற்றின் மேற்குரல் மெட்டுகளில் வியப்பூட்டும் ஒற்றுமை உண்டு. நமக்குப் பழகிய மேற்கத்திய இன்னிசைக் கோவையை எதிர்பார்த்து நிற்பவருக்கு முதல் சில நிமிடங்கள் குழப்பமாகவே இருக்கும், எனக்கும் இருந்தது. பிறகு காது பிடிவாதத்தை விட்டுவிடுகிறது.

எர்க்வானிட்ஸே இளைஞராக இருந்த காலத்தில் இவ்விசை ஆலயங்களில் ஏறத்தாழ ஒலிக்கவே இல்லை. அதன் காரணத்தை அறிய 1811க்குச் செல்ல வேண்டும். அந்த ஆண்டில் ருஷ்யப் பேரரசு ஜார்ஜியத் திருச்சபையின் தன்னாட்சியை ஒழித்தது. ருஷ்ய வழிபாட்டு முறையும் அதன் பாடல் பாணியும் வந்து அமர்ந்தன. பழைய பாடல் பள்ளிகள் ஒவ்வொன்றாகத் தேய்ந்தன. 1917இல் தன்னாட்சி மீண்டது என்றாலும், சில ஆண்டுகளிலேயே சோவியத் ஆட்சி வந்து ஆலயக் கதவுகளைப் பூட்டியது. 1980களின் இறுதியில் எர்க்வானிட்ஸேயும் அவருடன் சேர்ந்த இளம் பாடகர்களும் கேட்ட கேள்வி எளியது: நம் முன்னோர் இறைவன் முன் எப்படிப் பாடினார்கள்? அதற்கு விடை தேடி அவர்கள் சுவடிக் காப்பகத்துக்குள் நுழைந்தார்கள். அஞ்சிஸ்காத்திப் பாடகர் குழு அப்படிப் பிறந்ததே. பகலில் கையெழுத்துப் படிகளைப் படித்து, மாலையில் அதையே வழிபாட்டில் பாடுவதென்பது, ஆராய்ச்சியையும் செபத்தையும் பிரிக்காத ஒரு வாழ்க்கைமுறை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் கையெழுத்துப் படிகள் கிடைத்த கதையே தனி யாத்திரைக்கு உரியது. ஆகவே மறுநாள் பழைய தலைநகரான ம்த்ஸ்கேத்தாவுக்கும் அங்கிருந்து செடசேனி மடத்துக்கும் சென்றேன். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், இத்தாலிய ஓபரா மேடைகள் வரை சென்று புகழ்பெற்ற ஃபிலிமோன் கொரிட்ஸே, தம் மேடை வாழ்வை விட்டுவிட்டு, முதிய பாடகர்களின் முன் அமர்ந்து அவர்களின் நினைவிலிருந்த பாடல்களை இசைக்குறிகளாக எழுதத் தொடங்கினார். அவருக்குத் துணைநின்றவர் எக்வ்திமே கெரெசெலிட்ஸே. பின்னாளில் கெலாத்தி மடத்தில் துறவியான எக்வ்திமே, குறிப்புகளை ஒழுங்குபடுத்திப் படியெடுப்பதையே தம் தவமாகக் கொண்டார். சோவியத் காலத்தில் தாம் சேர்த்தவற்றைக் கெலாத்தியிலிருந்து ம்த்ஸ்கேத்தாவின் ஸ்வெதிஸ்கோவேலிப் பேராலயத்துக்கும், அங்கிருந்து செடசேனிக்கும் கொண்டுபோனார்; செடசேனியில் அவற்றை உலோகக் கலங்களில் இட்டு மண்ணுக்குள் புதைத்து வைத்தார். ஈரம் ஏறி எல்லாம் அழிந்துவிடக்கூடும் என்ற கவலை அவரை விடவில்லை. 1935இல் 34 தொகுதிகளை அரசு அருங்காட்சியகத்திடம் ஒப்படைத்தார். இறைமறுப்பை அரசுக் கொள்கையாகக் கொண்ட ஆட்சியின் கையில் இறைப்பாடல்களைக் கொடுப்பதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்! 1944இல் மறைந்த அவரை, 2003இல் ஜார்ஜியத் திருச்சபை புனிதராக அறிவித்தது. கொரிட்ஸேக்கும் பின்னர் அந்தச் சிறப்பு கிடைத்தது. இசைக்குறிகளை எழுதியதற்காகப் பீடத்தில் ஏறியவர்கள் வேறெங்கும் பலர் இருப்பார்களா என்பது ஐயமே.

செடசேனி மடம் மரங்கள் அடர்ந்த மலையுச்சியில், 6ஆம் நூற்றாண்டில் சிரியாவிலிருந்து வந்த துறவியான யோவான் அமைத்த இடத்தில் உள்ளது. கீழே அரக்வி ஆற்றுப் பள்ளத்தாக்கும், எதிர்ப்புறம் ஜ்வரி ஆலயமும் தெரிகின்றன. அங்கே நின்று நான் வேண்டிக்கொண்டதைவிட, எக்வ்திமே தம் கலங்களைப் புதைத்தது எந்தப் பக்கமாக இருக்கும் என்று நினைத்துப் பார்த்ததுதான் அதிகம். இதையும் ஒரு வகை வேண்டுதலாக எண்ணிக்கொள்கிறேன்.

எனினும், எழுத்து மட்டும் போதவில்லை. ஐந்து கோடுகளில் எழுதப்பட்ட குறிகள் பியானோவின் சுருதிக்குப் பழகியவர் கண்ணுக்கு ஒரு பாட்டையும், பழைய பாடகரின் தொண்டைக்கு வேறொரு பாட்டையும் தரும். இங்கேதான் மேற்கு ஜார்ஜியாவின் குரியா பகுதியைச் சேர்ந்த ஆர்த்தெம் எர்கோமைஷ்வீலி வருகிறார். மூன்று குரல்களையும் முழுமையாகக் கற்ற கடைசித் தலைமுறைப் பாடகர் அவர். உடன் பாட வேண்டிய தோழர்கள் எவரும் எஞ்சாத முதுமையில், 1966இல் திபிலிசி இசைக்கல்லூரியில், ஒலிப்பதிவுக் கருவியின் முன் முதலில் மேற்குரலைப் பாடினார். அதை ஒலிக்கவிட்டு அதனுடன் நடுக்குரலைப் பாடினார். இரண்டையும் ஒலிக்கவிட்டுக் கீழ்க்குரலைப் பாடினார். இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்கள். மறு ஆண்டே அவர் காலமானார். நாட்டின் புகழ்பெற்ற ருஸ்தாவி இசைக்குழுவை 1968இல் தொடங்கிய அன்சோர் எர்கோமைஷ்வீலி அவருடைய பேரன்.

எர்க்வானிட்ஸேயின் ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இந்தப் பதிவுகளிலிருந்து முளைத்ததே. ஐந்தாம் சுரத்தின் ஒத்திசைவு தூயதாக நிற்க, இடைப்பட்ட சுரங்கள் பியானோவின் கட்டைகளுக்குள் அடங்காத இடங்களில் அமைகின்றன என்றும், ஆலயப் பாடகர்கள் அந்தப் பழைய சுருதி ஒழுங்குக்கே திரும்ப வேண்டும் என்றும் அவர் வாதிட்டார். அந்தக் கொள்கையின்படியே ‘சகியோபா’ என்ற குழுவையும் நடத்தினார். இசையறிஞர்களிடையே இதுபற்றி இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. அளவுகளைக் கணக்கிட்டு மறுப்பவர்களும் இருக்கிறார்கள். ஆய்வரங்கில் தீராத அந்த வழக்கு வழிபாட்டில் நிற்பவரின் பக்தியைத் தடுப்பதில்லை. பல மரபுகளின் பாடல்களைத் தொகுதி தொகுதியாகப் பதிப்பித்ததே அவருடைய மிகப் பெரிய தொண்டு என்பேன். ஊர்ப்புறத்தில் நான்கு இளைஞர்கள் கூடிப் பாட விரும்பினால், இன்று அவர்களுக்குக் காப்பகத்தின் படியேற வேண்டிய தேவை இல்லை. அஞ்சிஸ்காத்திக் குழுவைச் சேர்ந்த ஆய்வாளர் டேவித் ஷுக்லியாஷ்வீலி, ஆர்த்தெமின் பதிவுகளை இசைக்குறிகளாக்கி 2014இல் வெளியிட்டதும் இந்தப் பணியின் தொடர்ச்சியே.

பயணத்தின் இறுதியில் குத்தாய்சி நகரை அடுத்த கெலாத்தி மடத்துக்குச் சென்றேன். ஜார்ஜிய மன்னர் நான்காம் தாவீது 1106இல் நிறுவிய இம்மடத்தின் பீடத்துக்கு மேலே, பொற்பின்னணியில் குழந்தையை ஏந்திய கன்னி மரியாவின் வண்ணக்கல் ஓவியம் இருக்கிறது. இம்மடத்துடன் தொடர்புடைய மெய்யியலாளர் இயோவானே பெத்ரித்ஸி, மூன்று குரல்களின் ஒன்றிப்பைக் கொண்டு மூவொரு இறைவனை விளக்கியவர். இந்நாட்டில் மூன்று குரலில் பாடினார்கள் என்பதற்கு மிகப் பழைய சான்றாக அறிஞர்கள் காட்டுவதும் அவருடைய எழுத்தையே. மடத்தின் தெற்கு வாயிலில், உள்ளே வருவோர் அனைவரும் தம்மேல் மிதித்துச் செல்லட்டும் என்ற தாழ்மையோடு மன்னர் அடக்கமாகியிருக்கும் கல்லையும் கண்டேன்.

இப்பாடல்களைக் கேட்கப் புறப்படுவோர் கச்சேரி நுழைவுச்சீட்டைத் தேட வேண்டாம். திபிலிசியில் ஒரு சனிக்கிழமை மாலையையும் ஞாயிறு காலையையும் ஒதுக்கி, வழிபாட்டின் தொடக்கத்திலேயே போய், பாடகர்கள் நிற்கும் பக்கமாக ஓரிடம் பார்த்து நின்றுகொள்வது போதுமானது. கால் வலிக்கும், வழிபாடு நீளமானது. படம் எடுக்கவும் ஒலிப்பதிவு செய்யவும் முன்னதாக அனுமதி கேட்பது நல்லது. என்னைக் கேட்டால், இரண்டையும் தவிர்ப்பது இன்னும் நல்லது.