டாக்டர் சாயிதி

நேற்றிரவு 'பசு' என்ற ஈரானியப் படத்தை மறுபடியும் பார்த்தேன். தன் ஒரே பசுவை இழந்த ஹசன், தானே பசுவாகிக் கொட்டிலில் வைக்கோலை மெல்லுகிறான். அந்த வாயசைவு கண்ணைவிட்டுப் போகவில்லை. ஒரு மனநல மருத்துவர் எழுதிய கதை அது என்பது நினைவுக்கு வந்ததும் தூக்கம் போய்விட்டது.

குலாம் ஹுசைன் சாயிதி. 1936இல் ஈரானின் தப்ரீஸ் நகரில் பிறந்தவர். தாய்மொழி அசேரி, எழுதியது பாரசீகத்தில். தெற்கு டெஹ்ரானின் தில்கோஷா பகுதியில், மருத்துவரான தம்பியோடு சேர்ந்து ஏழைகளுக்காக ஒரு மருத்துவமனை நடத்தினார். காசில்லை என்று யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. அங்கே வந்தவர்களின் பேச்சும் பயமும்தான் அவர் கதைகளில் உலவுகின்றன என்று எனக்குத் தோன்றும்.

1974இல் ஈரான் மன்னர் ஷாவின் உளவுப்படையான சாவாக் அவரைப் பிடித்துச் சித்திரவதை செய்தது. புரட்சியில் ஷா போனார், பிறகு ஆட்சிக்கு வந்தவர்களும் சாயிதியை விட்டுவைக்கவில்லை. தலைமறைவாகி, பாகிஸ்தான் வழியாக 1982இல் பாரிஸ் போய்ச் சேர்ந்தார். அங்கே மருத்துவம் பார்க்கவில்லை. மனைவி துணையிருந்தார். முன்பு தான் நடத்திய 'அலிஃப்பா' இலக்கிய இதழைச் சாயிதி மீண்டும் கொண்டுவந்தார். ஆனால் அந்த ஊர் அவருக்குள் இறங்கவேயில்லை. எத்தனையோ மனங்களுக்கு மருந்து சொன்னவர், தன் ஏக்கத்துக்குக் குடியைத்தான் கண்டார். அதை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

1985 நவம்பரில் இறந்தார். வயது 49. பாரிஸின் பெர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்தில், பாரசீக எழுத்தாளர் சாதிக் ஹிதாயத்துக்கு அருகில் படுத்திருக்கிறார்.