கயிறும் அம்பாவும்

மே 3
தனுஷ்கோடி. தெற்கே ஆண்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கிறது; கரையில் நின்று கயிறு பிடித்து இழுக்கும் கரைவலையெல்லாம் வடக்கே பெண்கடல் (பாக் நீரிணை) பக்கம் மாறிவிட்டது. விசைப்படகுகளுக்கு ஜூன் 14 வரை தடைக்காலம், கரைவலைக்கு அது கிடையாது. ஐந்தரைக்கே போய் நின்றேன். இரண்டு கயிறு, முப்பது பேர் இருக்கும். வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டைப் பதிவு செய்யப் போனவனுக்குக் கிடைத்தது யாரோ இடுப்பில் சொருகியிருந்த செல்போனின் சினிமாப் பாட்டு. "மூச்ச மிச்சம் பண்ணணும் தம்பி" என்றார் ஒருவர்.

மே 4
பாட்டு தெரிந்த பெரியவர் ஒருவர் வீட்டுக்கு வரச் சொன்னார். திண்ணையில் மைக்கைப் பார்த்ததும் பாட்டில் இரண்டு அடியோடு நின்றுவிட்டார். மூன்று முறை முயன்றும் வரவில்லை. உள்ளேயிருந்து அவர் வீட்டம்மா, "வாளிக் கயித்தையாவது கையில குடுங்க" என்று சிரித்தார். ஒரு முனையைத் தூணில் கட்டிவிட்டு இழுக்கத் தொடங்கினார். பாட்டு பதினேழு அடி வந்தது! மாதாவைக் கூப்பிட்டுத் தொடங்கி, மடி (வலையின் பை) நிறைய மீன் கேட்டு, வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியைக் கிண்டல் செய்து முடித்தார். கடைசி நாலு அடியை இங்கே எழுத முடியாது. ஒவ்வொரு அடிக்குப் பின்னும் ஒரு இடைவெளி விட்டார். கால் மாற்றி வைக்கிற நேரம் அது. வலை தூரத்தில் இருக்கும்போது நிதானமாகப் போகும். மடி நெருங்க நெருங்க வரிகள் சுருங்கி, கடைசியில் வெறும் 'ஏலேலோ'தான்.

மே 6
இரவு, ஆங்கிலேய மாலுமிப் பாட்டுக்காரர் ஸ்டான் ஹுகிலின் பதிவுகள் கேட்டேன். 1929இல் கேப் வெர்டே அருகே உடைந்த கார்த்பூல் என்ற பாய்க்கப்பலில் பாட்டெடுத்துக் கொடுத்தவர். பாய் ஏற்றும் பாட்டில் எந்தச் சொல்லில் கயிற்றை இழுக்க வேண்டும் என்று குறித்தே வைத்திருக்கிறார். என் நோட்டில் வரிகள் மட்டும்தான் இருக்கின்றன. எல்லாவற்றையும் திரும்பக் கேட்டுக் குறிக்க வேண்டும்.

மே 10
ஒரு திருவிழா மேடையில் அம்பா பாடினேன். ஏழு நிமிடம்தான் என்றார்கள், சரி. சொல்லாமல் கொள்ளாமல் கீபோர்டில் தாளம் வேறு ஓடவிட்டார்கள். கால் மாற்ற இடமே இல்லை, குத்துப்பாட்டாகிவிட்டது. நல்ல கைதட்டல். அதுதான் எரிச்சல்.

மே 17
ராமநாதபுரத்தில் பிள்ளைகளுக்கான கோடை முகாம். பழைய வலைக்கயிறு ஒன்றை எடுத்துப் போயிருந்தேன். ஒரு முனையைத் தூணில் கட்டி, பன்னிரண்டு பேரைப் பிடிக்கச் சொன்னேன். நிதானமாகவே பாடினேன். நாலு நிமிடப் பாட்டு பத்தைத் தாண்டியது. பின்வரிசையில் கொட்டாவி. இரண்டு பேர் உட்கார்ந்தே விட்டார்கள். அப்புறம் கயிற்றின் கடைசியிலிருந்து பாம்பன் பையன் ஒருவன் கத்தினான்: "அண்ணே, மடி கரைக்கு வந்துருச்சு, வேகமா எடுங்க!"

எடுத்தேன்.