நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு: எந்தப் பிரிவு என்று நான் முடிவெடுத்த விதம்

டெக்சாஸில் ஒரு மருத்துவமனையின் ஐ.சி.யூ.வில் நர்ஸாக இருக்கிறேன். நர்ஸ் பிராக்டிஷனர் (நோயைக் கண்டறிந்து மருந்தும் எழுதும் உயர்படிப்பு நர்ஸ்) படிக்கப் போகிறேன் என்றதும் கூட வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் "ஃபேமிலி எடு, எங்கே போனாலும் வேலை கிடைக்கும்" என்றார்கள். எல்லா வயதினரையும் பார்க்கும் பொதுப் பிரிவு அது. அவர்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் அமெரிக்காவில் நர்ஸ் பிராக்டிஷனர்களில் ஏறக்குறைய 70 சதவீதம் பேர் ஃபேமிலி பிரிவுதான். பெரிய நகரத்துக் கிளினிக் வேலைகளுக்குப் போட்டியும் அவர்களுக்குள்ளேதான்.

2023 முதல் 2033 வரை இந்த வேலைகள் 46 சதவீதம் கூடும் என்பது தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் கணிப்பு. அது எல்லா மாநிலத்துக்கும், எல்லாப் பிரிவுக்கும் சேர்த்துச் சொன்னது. நான் இருக்கப் போகும் ஊரில் என்ன நிலவரம் என்று அது சொல்லாது. அதனால் எங்கள் பக்கத்து வேலை விளம்பரங்களைத் தொடர்ந்து படித்தேன். எந்தச் சான்றிதழ் கேட்கிறார்கள், புதிதாகப் படித்து வருபவர்களை எடுக்கிறார்களா என்று குறித்துக்கொண்டே வந்தேன். வார்டு, ஐ.சி.யூ. வேலைகளுக்கு அக்யூட் கேர், அதாவது திடீரெனத் தீவிரமாக நோயுற்றவர்களைப் பார்க்கும் பிரிவின் சான்றிதழைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டிருந்தார்கள்.

என்னை ரொம்ப யோசிக்க வைத்தது மனநலப் பிரிவு. தேவை அவ்வளவு இருக்கிறது. வீட்டிலிருந்தே வீடியோவில் நோயாளிகளைப் பார்க்கவும் முடியும். இங்கேதான் மாநிலச் சட்டம் குறுக்கே வந்தது. டெக்சாஸில் மருந்து எழுத ஒரு டாக்டருடன் ஒப்பந்தம் வேண்டும். அது இருந்தாலும் ஷெட்யூல் 2 மருந்துகளை (அடிமையாகும் ஆபத்து அதிகம் என்று சட்டம் கட்டுப்படுத்துபவை) மருத்துவமனையிலோ, இறுதிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் ஹாஸ்பிஸிலோதான் எழுதலாம். ஏ.டி.எச்.டி.க்கு (கவனக் குறைபாடும் மிகைச் செயல்பாடும் உள்ள கோளாறு) கொடுக்கும் ஸ்டிமுலன்ட் மருந்துகள் அந்தப் பட்டியலில்தான் வருகின்றன. அப்படியென்றால் வெளி நோயாளி கிளினிக்கில் அவற்றை நான் எழுத முடியாது. இதே படிப்பை முடித்துவிட்டு அரிசோனாவுக்குப் போனால் டாக்டர் ஒப்பந்தமே தேவையில்லை. ஆனால் பிள்ளைகளின் பள்ளி, கணவரின் வேலை எல்லாம் இங்கேதான். ஆகவே படிக்கும் மாநிலத்தை அல்ல, வேலை பார்க்கப் போகும் மாநிலத்தின் விதிகளை முதலில் படியுங்கள். அதற்கு அப்புறம் கல்லூரியைத் தேடினால் போதும்.

கடைசியில் பெரியவர்கள், முதியவர்களுக்கான அக்யூட் கேர் பிரிவை எடுத்தேன். ஐ.சி.யூ. அனுபவம் அதற்கு நேராகப் பயன்படும். 2030-இல் பேபி பூமர் (1946 முதல் 1964 வரை பிறந்தவர்கள்) தலைமுறை முழுவதும் 65 வயதைத் தாண்டியிருக்கும். அவர்கள்தான் எங்கள் படுக்கைகளுக்கு வரப்போகிறவர்கள். இந்தச் சான்றிதழோடு குழந்தைகளைப் பார்க்க முடியாது, சாதாரண ஃபேமிலி கிளினிக் வேலையும் கைக்கு எட்டாது. பின்னால் மனம் மாறினால் முதுகலைக்குப் பிந்தைய சான்றிதழ் ஒன்று படிக்கலாம். அதற்கும் தனியாகக் கிளினிக்கல் பயிற்சி, தனித் தேர்வு உண்டு. அது தெரிந்துதான் எடுத்தேன்.

கல்லூரிகளிடம் நான் விடாமல் கேட்ட கேள்வி, ப்ரிசெப்டரை (பயிற்சியில் கூட இருந்து வழிகாட்டுபவரை) நீங்கள் ஏற்பாடு செய்வீர்களா என்பது. 2022-இல் வந்த புதிய தர விதிகள் குறைந்தது 750 மணி நேரம் நோயாளிகளை நேரடியாகப் பார்க்கும் பயிற்சி வேண்டும் என்கின்றன. அத்தனை மணி நேரத்துக்கும் வழிகாட்டியை மாணவரே தேடுவது பெரும் பாடு. "நாங்களே பார்த்துத் தருவோம்" என்று எழுத்தில் தந்த கல்லூரியில்தான் சேர்ந்தேன், கட்டணம் கொஞ்சம் கூடுதலாக இருந்தும்.