மாத்திரையா, மாலை நேரமா?

“நீங்களா இருந்தா இந்த மாத்திரையை நிறுத்திடுவீங்களா, மேடம்?” என்று கேட்டார் அவர். “டாக்டரைக் கேட்காம நிறுத்த மாட்டேன்” என்றேன். மருந்தாளுநர் சொல்ல வேண்டிய பதில் அதுதான், இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனாலும் அவர் கேட்டதற்கு அது பதில் இல்லையோ என்று உறுத்துகிறது.

ஏடிஹெச்டி என்கிற கவனச்சிதறல் பிரச்சினைக்காகக் காலையில் மீத்தைல்ஃபெனிடேட் சாப்பிடுபவர். மருந்தின் வேகம் இறங்குகிற சாயங்காலத்தில் கெண்டைக்காலுக்குள் ஏதோ ஊர்கிறதாம், எழுந்து நடந்தால்தான் அடங்குகிறதாம். மருந்துச் சீட்டின் பின்பக்கம் பென்சிலால் நேரங்களைக் குறித்து வைத்திருந்தார். எல்லாமே மாலை, இரவு. “இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?”

சிக்கலே அங்கேதான். எந்த மருந்தும் சாப்பிடாதவருக்கும் ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் என்கிற இந்தக் கால் குடைச்சல் பொழுது சாய்ந்த பிறகுதான் கூடும். மருந்து இறங்கியதால் கால் குடைந்ததா, இரண்டும் ஒரே வேளையில் வந்து சேர்ந்தனவா என்று அந்தக் குறிப்பை வைத்துச் சொல்ல முடியாது. அதற்காக அவர் சொன்னதைத் தள்ளிவிடவும் மனம் வரவில்லை. இந்த மருந்து மூளையில் டோபமின் என்கிற ரசாயனத்தைக் கூட்டுகிறது, இந்தக் கால் தொந்தரவிலும் டோபமினுக்குப் பங்கு உண்டு. மாத்திரை வேலை செய்யும்வரை கால் அடங்கியிருக்கிறது என்பவர்களும் இருக்கிறார்கள், அது இறங்கும்போது மோசமாகிறது என்பவர்களும் இருக்கிறார்கள்.

தூக்கத்துக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். டைஃபென்ஹைட்ரமின் போட்டுக்கொள்கிறாராம். இந்த அலர்ஜி மாத்திரை கால் தொந்தரவைக் கிளப்பக்கூடியது! சரி, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுகிற ஃபெரிட்டின் ரத்தப் பரிசோதனை பார்த்தீர்களா என்றால், “ஹீமோகுளோபின் நார்மல்தான்” என்றார். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்புச் சேமிப்பு குறைந்திருக்கலாம். டோபமின் தயாராக மூளைக்கு இரும்பு வேண்டும். ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் உள்ள பெரியவர்களுக்கு ஃபெரிட்டின் லிட்டருக்கு 75 மைக்ரோகிராம் அல்லது அதற்குக் கீழே இருந்தாலே இரும்பு கொடுப்பதைப் பற்றி யோசிப்பார்கள். லேப் ரிப்போர்ட்டில் அதே அளவு ‘நார்மல்’ என்று வந்திருக்கும்.

இதையெல்லாம் டாக்டரிடம் சொல்லச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். அப்புறம், “எல்லாத்தையும் ஒண்ணா மாத்தாதீங்க, எதனால குறைஞ்சதுன்னு தெரியாமப் போயிடும்” என்றேன். முறை அதுதான். ஆனால் ராத்திரி தூங்கவே முடியாத ஒருவர், காரணம் பிடிபடும்வரை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துக் காத்திருக்க வேண்டும் என்பது அவருடைய நிம்மதிக்காகவா, எனக்கு விடை தெரிய வேண்டும் என்பதற்காகவா?