கம்பளைக்கு மேலே 20 நிமிடத்தில்

அக்கா கல்யாணமாகி மட்டக்களப்பில் இருக்கிறாள். கம்பளையில் எங்கள் கடைத்தெருவைத் தொட்டுக்கொண்டு போகும் ஏ5 வீதி, நுவரெலியா, பதுளை என்று சுற்றிவிட்டு மட்டக்களப்புக்குக் கிட்ட செங்கலடியில்தான் போய் முடிகிறது. ஆனால் நாங்கள் கண்டிக்குப் போய், மகியங்கனைப் பக்கம் பதினெட்டு வளைவில் இறங்கும் பஸ்ஸில்தான் போவோம். ஏழாவது வளைவில் எனக்குக் குமட்ட ஆரம்பிக்கும். அதனால் போன ஆகஸ்டில், சரி, ஒரு தடவை பறந்துதான் பார்ப்போமே என்று கொழும்புக்குப் பக்கத்தில் இருக்கும் இரத்மலானை விமான நிலையத்திலிருந்து டிக்கெட் எடுத்தேன். விலையை அம்மாவிடம் சொல்லவில்லை.

கிழக்கே போக வேண்டியவன் விடியற்காலை 3 மணிக்கு வேன் ஏறி மேற்கே போனேன். கடுகண்ணாவையில் இறங்கும்போது மழை கொட்டியது. இரத்மலானைக்கு வந்து சேர 7 மணி.

கட்டுநாயக்க வருவதற்கு முன்பு நாட்டின் சர்வதேச விமான நிலையம் இதுதான். இப்போது ஏதோ பழைய பள்ளிக்கூடம் மாதிரி அமைதியாக இருக்கிறது. பையை நிறுத்தார்கள், அப்புறம் என்னையும் தராசில் ஏறச் சொன்னார்கள். சின்ன விமானத்தில் யார் எங்கே உட்காருவது என்பதை எடைதான் தீர்மானிக்கும். முள் நின்ற இடத்தை எனக்குப் பின்னால் நின்ற பெண் எட்டிப் பார்த்தாள்!

இரத்மலானையிலிருந்து மட்டக்களப்பு நேர்கோட்டில் சுமார் 220 கிலோமீட்டர். மணிக்கு 300 கிலோமீட்டர் வேகம், ஏற இறங்கக் கொஞ்சம் நேரம் என்று வைத்தால் 50 நிமிடம். அந்தக் கோட்டை வரைபடத்தில் இழுத்துப் பார்த்தபோதுதான் சிரிப்பு வந்தது. அது நேராகக் கம்பளை மேலே போகிறது.

கிளம்பி 20 நிமிடம் இருக்கும். கீழே முழுக்க வெள்ளைப் பஞ்சு. ஒரே ஒரு இடத்தில் மேகம் விலகியது. செம்மண் நிறத்தில் மகாவலி, அதன் மேல் குச்சி மாதிரி ஒரு பாலம், தகரக் கூரைகள். எங்கள் ஊராகத்தான் இருக்க வேண்டும். நான்கு மணி நேரம் வேனில் குலுங்கிக் கடந்ததை விமானம் திருப்பிக் கொடுத்துவிட்டது.

அப்புறம் விக்டோரியா நீர்த்தேக்கம். அதைத் தாண்டியதும் மலை சட்டென்று முடிகிறது. மேகமும் அங்கேயே நின்றுவிடுகிறது. தென்மேற்கிலிருந்து வரும் காற்று மழையை எல்லாம் எங்கள் பக்கம் கொட்டிவிட்டு, வறண்டு சூடாகிக் கிழக்கே இறங்குகிறது. அக்கா ஊரில் அதைத்தான் கச்சான் என்கிறார்கள். முதுகில் அந்தக் காற்று தள்ளியதால் சீக்கிரமே வந்துவிட்டோம். திரும்பும்போது கூடுதல் நேரம் பிடிக்கும் என்றார் விமானி.

மட்டக்களப்பு விமான நிலையம் இருக்கும் திமிலைதீவில் வாவியை உரசுவது போல இறங்கியபோது மணி 9.20. 2018-இல்தான் இந்த இடத்தைப் பொதுமக்கள் விமானங்களுக்குத் திறந்தார்கள். வாசலில் அக்கா வீட்டு மாமா மோட்டார் சைக்கிளோடு நின்றார்.

"எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினீங்க?"

"மூணு மணிக்கு மாமா."

அவர் விரல் விட்டு எண்ணினார். "பஸ்ல வந்திருந்தாலும் இந்நேரம் வந்திருப்பீங்களே?"

திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் வந்தேன். பையில் அக்கா கொடுத்த கச்சான் கொட்டை (நிலக்கடலைதான்), கையில் ஒரு எலுமிச்சம்பழம்.